குளியல் ரூ. 20

தங்கச்சிமடத்திலிருந்து எட்டு கிலோமீட்டர்.
கச்சான் வீசும் மாதங்களில் காற்று
போகும்போது முதுகைத் தள்ளும்,
திரும்பும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தும்.
வாடை வந்தால் எல்லாம் தலைகீழ்.
எப்படி மிதித்துப் போனாலும்
ராமேஸ்வரத்தில், வங்கி வாசலில் இறங்குகையில்
பின்கழுத்தில் உப்பு.
வியர்வையா கடலா என்று
நக்கிப் பார்த்தாலும் தெரியாது.

கேஷ் கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே
பணம் போக ஓர் அரைவட்டம் உண்டு.
வாசனையும் அதன் வழியேதான் போகும்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே
பாஸ்புக்கை நீட்டிவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டார் ஒருவர்.
மூன்று விசைப்படகு வைத்திருப்பவர்.

கொட்டகை இருக்கிறது.
'அதிகாரிகள் வாகனம் மட்டும்.'
அருணகிரி சாரின் கார் அங்கே
உறை போர்த்திக்கொண்டு தூங்கும்.
என் சைக்கிள் வெளியே, கம்பத்தோடு, பூட்டோடு.
ஆவணியில் மணி போனது.
புரட்டாசியில் பின்கேரியர்.
ஐப்பசியில் ஒரு மாலை சீட்டே இல்லை.
எட்டு கிலோமீட்டரும் நின்றுகொண்டே மிதித்தேன்.
பேய்க்கரும்புப் பையன்கள் கைதட்டினார்கள்.

மனு எழுதினேன்:
ஒரு கூரை, சங்கிலி கோக்க ஒரு கம்பி,
ஒரு குழாய்,
உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரு மூலை.
'ஒற்றைச் சைக்கிளுக்கா?'
பச்சை மையில் திரும்பி வந்தது.
மறுநாள் நின்று எண்ணினேன்.
இரவுக் காவலாளி, பெருக்க வரும் இருவர்,
நகை மதிப்பீட்டாளர் சீனி ராவுத்தர்,
டீ கொண்டுவரும் பையன்,
அவனுக்குக் கால் எட்டாது, குரங்குப் பெடல்தான்.
என்னோடு ஆறு.
ஆறு என்று எழுதி அனுப்பினேன்.
அந்தத் தாள் இப்போது மதுரையில் இருக்கிறது.
அதற்காவது நல்ல நிழல் கிடைத்திருக்கும்.

அப்புறம்தான் அந்தப் பலகையைப் பார்த்தேன்.
மூன்று மொழியில், யாத்திரிகர்களுக்காக:
கழிப்பறை 10. உடை மாற்ற 10. குளியல் 20.
மடியில் சில்லறை டப்பாவோடு பூமயில்.
அவளுக்கும் என் வயதுதான் இருக்கும்.
வரிசையில் ஈரச்சேலையோடு நின்ற
வடநாட்டு அம்மா ஒருத்தி
எத்தனை தீர்த்தம் முடிந்தது என்று
விரல்களை மடக்கிக் கேட்டாள்.
ஒரு விரல் காட்டினேன்.
போர் தண்ணீர். உவர். சோப்பு நுரைக்காது.
ஆனாலும் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது.

பத்தாம் நாள் பூமயிலே சொன்னாள்:
"மாசம் முந்நூறு குடு, பிரகாசி.
சைக்கிளையும் சேத்துத்தான்.
வாளி அடுக்குற சந்துல நிக்கட்டும்,
ஒரு பய தொடமாட்டான்."

தை அமாவாசை அன்று
வரிசை தெருமுனை தாண்டி வளைந்திருந்தது.
நானே வேண்டாம் என்றேன்.
ஹேண்டில்பாரை மட்டும் வாங்கிக்கொண்டு
போ போ என்று கையசைத்தாள்.
உப்போடு போய் உட்கார்ந்தேன்.
அன்றைக்குக் கவுண்டருக்கு வந்த எல்லோரிடமும்
கடல் இருந்தது.
நோட்டுகள் நமுத்திருந்தன,
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

மாலையில் சந்தில் சைக்கிள் இல்லை.
செருப்புகள்தான் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தன.
மணி, கேரியர், சீட் என்று வரிசையாய் நினைவு வந்து
அடிவயிறு சில்லிட்டது.
பூமயில் இடுப்புச் சாவியை எடுத்தாள்.
வரிசையில் கடைசி அறை.
கதவில் கரித்துண்டால் 'ரிப்பேர்'.
காலையிலிருந்து மூடியே கிடந்திருக்கிறது,
தெரு முழுக்க ஜனம் காத்துக் கிடக்கையில்.
இருபது இருபதாக எவ்வளவு போயிருக்கும் என்று
கேஷியர் புத்தி கணக்குப் போட்டது.
பாதியில் விட்டது.

உள்ளே, குழாயடியில்,
என் சைக்கிள் சொட்டிக்கொண்டு நின்றது.
மட்கார்டு இடுக்கில் ஆறு மாதமாய்
வெளுத்துக் கிடந்த உப்பைக் காணோம்.
ஆரக்கால்கள் ஒவ்வொன்றாய்த் தேய்க்கப்பட்டிருந்தன.

"சங்கிலிக்குத் தலையில தேய்க்கிற எண்ணெயதான் வச்சேன்.
இதுக்கு இருபது ரூவா தனி."

கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துத்தான் டப்பாவில் போட்டாள்.

வாடை முதுகில்.
சங்கிலி சத்தமே போடவில்லை.
பேய்க்கரும்பு தாண்டும் வரை
தேங்காயெண்ணெய் மணந்தது.